எக்ஸ்எம்எல் கோப்பில் ஓடும் வலைத்தளம்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

தரவுத்தளம் எதுவும் வைக்காமல், நாலைந்து எக்ஸ்எம்எல் கோப்புகளை, அதாவது தரவை <நூல்> போன்ற டேக்குகளுக்குள் எழுதிய உரைக் கோப்புகளை, மட்டும் நம்பி ஒரு தளத்தை நடத்தலாம். நூல் பட்டியல், நிகழ்ச்சி நிரல், கேள்வி-பதில் தொகுப்பு மாதிரி அளவில் சிறியதும் அடிக்கடி மாறாததுமான தரவுக்கு இது போதும். கோப்பை நகலெடுத்தால் பேக்கப் முடிந்தது. ஆனால் ஒரு நாள் பக்கம் காலியாக வந்து நிற்கும். அப்போது எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால், அரை நாள் போய்விடும்.

தேடத் தொடங்குமுன், தளத்தின் பக்கத்தில் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். கோப்பே உடைந்திருக்கலாம். கோப்பு நன்றாக இருந்தும் நிரலுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும், நாம் தேடுவது வேறு இடமாக இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க எக்ஸ்எம்எல் கோப்பின் முகவரியையே பிரவுசரில் நேராகத் திறங்கள். டேக்குகள் மரம் போல விரிந்தால் முதல் இரண்டும் சரி. வரி எண்ணோடு எர்ரர் வந்தால் கோப்பு உடைந்திருக்கிறது. கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்கள் எக்ஸ்எம்எல்-லின்ட் கருவியை 'நோ-அவுட்' விருப்பத்தோடு ஓட்டலாம். அது வாய் திறக்காவிட்டால் கோப்பு நலம்.

இனி அறிகுறி வாரியாக.

முதல் வரியிலேயே எர்ரர்

'எக்ஸ்எம்எல் அறிவிப்பு ஆவணத்தின் தொடக்கத்தில் மட்டுமே வரலாம்' என்ற பொருளில் செய்தி வந்தால், எக்ஸ்எம்எல் பதிப்பைச் சொல்லும் முதல் வரியான அந்த அறிவிப்புக்கு முன்னால் ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது. ஒரு வெற்று வரியோ இடைவெளியோ போதும். பிஎச்பி வழியாக எக்ஸ்எம்எல்லை உருவாக்கினால், முன்பே இணைத்த ஏதாவது ஒரு கோப்பின் கடைசியில், பிஎச்பி மூடும் குறிக்குப் பின்னால் வெற்று வரிகள் கிடக்கும். முழுக்க பிஎச்பியாக இருக்கும் கோப்பில் அந்த மூடும் குறியையே எழுதாமல் விட்டுவிடுங்கள். பிரச்சினை வேரோடு போகும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று பிஓஎம், அதாவது யூனிகோடு கோப்பின் தொடக்கத்தில் எடிட்டர் ஒட்டும் அடையாளம். 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள். கோப்பின் தலையில் ஒரு முறை இருந்தால், எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சர் பொறுத்துக்கொள்ளும். இரண்டு கோப்புகளை ஒட்டும்போது நடுவில் மாட்டிக்கொண்டாலோ, டாட்நெட்டில் கோப்பைச் சரமாகப் படித்து அந்தச் சரத்தை பார்சரிடம் கொடுத்தாலோதான் தகராறு. எடிட்டரில் 'பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8' என்று சேமித்தால் தீர்ந்தது.

இன்னொரு வகையும் உண்டு. கோப்பு இருக்கும் இடம் தவறி, சர்வர் 'காணவில்லை' என்ற எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியிருக்கும்; பார்சர் அதை எக்ஸ்எம்எல் என்று நினைத்துப் படித்துத் திணறும். அதனால் எர்ரர் வந்தால், நிரலுக்குக் கிடைத்ததன் முதல் 200 எழுத்துகளை அச்சிட்டுப் பாருங்கள். கோப்பில் பார்ப்பதைவிட இது மேல்.

நடுவில் ஏதோ ஒரு வரியில் எர்ரர்

பத்துக்கு ஏழு முறை ஆம்பர்சண்ட் என்ற & குறிதான் என்பது என் அனுபவம். இந்த வரியைப் பாருங்கள்:

<இணைப்பு>பட்டியல்?பக்கம்=2&வரிசை=புதியது</இணைப்பு>

நமக்கு இது சாதாரண முகவரி. பார்சருக்கோ & வந்ததும் ஒரு என்டிட்டி (வேறொரு எழுத்துக்கோ உரைக்கோ பதிலாக நிற்கும் குறுக்குப் பெயர்) தொடங்கிவிட்டது; 'வரிசை' அதன் பெயர்; அடுத்து அரைப்புள்ளி வர வேண்டிய இடத்தில் சமக்குறி வந்துவிட்டது. அங்கேயே நின்றுவிடும். & என்பதற்குப் பதில் &#38; என்றும், < என்பதற்குப் பதில் &#60; என்றும் எழுத வேண்டும்.

எச்டிஎம்எல்லில் இடைவெளிக்கும் பதிப்புரிமைக் குறிக்கும் பயன்படும் பெயருள்ள என்டிட்டிகளை நகலெடுத்து ஒட்டினாலும் இதே கதி. எக்ஸ்எம்எல்லுக்குத் தானாகத் தெரிந்த என்டிட்டிகள் ஐந்தே ஐந்து: சிறியது, பெரியது, ஆம்பர்சண்ட், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள். மற்றதற்கெல்லாம் எண்ணைக் கொடுங்கள்: உடையாத இடைவெளிக்கு &#160;, பதிப்புரிமைக் குறிக்கு &#169;.

வேர்டிலிருந்தோ ஸ்லைடிலிருந்தோ ஒட்டிய உரையில் 11 என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டு எழுத்து ஒளிந்திருக்கும். எக்ஸ்எம்எல் 1.0-இல், 32-க்குக் கீழே 9, 10, 13 ஆகிய மூன்றுக்கு மட்டுமே அனுமதி. மற்றவற்றை எண் குறியீடாக எழுதினாலும் ஏற்காது, நீக்கத்தான் வேண்டும்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தரவை அப்படியே கொட்டியவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. அதில் 'ஈ' என்பது உண்மையில் < குறி. ஒவ்வொரு ஈயும் பார்சருக்குப் புது டேக். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மறு வேலை.

பார்சர் சொல்லும் வரி எண்ணை முழுசாக நம்பாதீர்கள். 40-ஆம் வரியில் மூடாமல் விட்ட டேக்கை, அதன் தாய் டேக் மூடும் 95-ஆம் வரியில்தான் அது கண்டுபிடிக்கும். எர்ரர் பட்டியல் நீளமாக வந்தால் முதல் எர்ரரை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். மீதி பாதி தானாக மறைந்துவிடும்.

அப்புறம், சரங்களை ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டாம் அல்லது எக்ஸ்எம்எல்-ரைட்டர் மாதிரி நிரல் நூலகம், & குறிக்கு &#38; போடுவது போன்ற இந்தத் தப்பிப்புக் குறிகளைத் தானே போட்டுக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: பிஎச்பியின் சிம்பிள்-எக்ஸ்எம்எல்லில் 'ஆட்-சைல்ட்' முறைக்கு மதிப்பைக் கொடுத்தால் அது & குறியைத் தப்புவிக்காது. மதிப்பைப் பண்பாக ஒதுக்கினால் தப்புவிக்கும். ஏன் இப்படி என்று கேட்டுப் பயனில்லை. மறுபக்கம், பக்கத்தில் &#38; என்ற குறியே எழுத்தாகத் தெரிந்தால் இரண்டு முறை தப்புவித்திருக்கிறீர்கள்; நூலகம் செய்ததை நீங்களும் ஒரு முறை செய்திருப்பீர்கள்.

டேக்குகள் பொருந்துகின்றன, ஆனால் பொருந்தவில்லை என்கிறது

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய சிக்கல் இது. எக்ஸ்எம்எல்லில் டேக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். விதி அனுமதிக்கிறது, பார்சர்களும் ஏற்கின்றன. நானும் ஆசையாக <பொருள்> என்று ஒரு டேக் வைத்தேன். திறக்கும் டேக்கை எடிட்டரில் தட்டினேன். மூடும் டேக் வேறொரு கருவி வழியாக வந்தது. பார்சர் 'திறந்ததும் மூடியதும் ஒன்றல்ல' என்றது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான். உருப்பெருக்கிப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான்.

பைட்டுகளை எண்ணியபோதுதான் புரிந்தது. ஒன்று 18 பைட், மற்றது 21. 'பொ' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே எண்ணாக எழுதலாம். அல்லது கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் 'பொருள்' ஆறு குறிகள், இரண்டாவதில் ஏழு. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். எக்ஸ்எம்எல் பார்சர் இவற்றைச் சமன் செய்யாது. குறிக்குக் குறி ஒப்பிடும், அவ்வளவுதான்.

தீர்வு: தரவு உள்ளே வரும் வாசலிலேயே, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், பிஎச்பி மூன்றிலும் அதற்குச் செயல்கூறு உண்டு. தளத்தில் 'கொடி' என்று தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது என்ற புகாருக்கும் இதுதான் மருந்து. தேடும் சொல்லையும் அதே வடிவுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

என்எஃப்சியாலும் தீராத ஒன்று இருக்கிறது. 'கௌ' என்பதை 'கெள' என்று, கொம்பும் ளகரமுமாகத் தட்டுபவர்கள் ஏராளம். அது யூனிகோடைப் பொறுத்தவரை வேறு சொல். அதைத் தேடி மாற்றுவதுதான் வழி, அதையும் கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டும். 'வெள்ளம்', 'தெளிவு' என்பதிலெல்லாம் கை வைத்துவிடக் கூடாது. இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் டேக் பெயர்களை ஆங்கில எழுத்திலும் உள்ளடக்கத்தைத் தமிழிலும் வைக்கிறேன்.

எழுத்து சிதைந்து தெரிகிறது

எப்படிச் சிதைந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். மூன்று மூன்றாகக் குப்பை வந்து, நடுவில் ® குறியும் மேல்கோடும் திரும்பத் திரும்பத் தெரிந்தால் நிம்மதி: தரவு சாகவில்லை. தமிழ்க் குறிகள் யூடிஎஃப்-8-இல் 224 என்ற பைட்டில் தொடங்கும். அடுத்தது 174 அல்லது 175. பழைய மேற்கத்திய என்கோடிங்கில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையில்) அந்த 174-தான் ®. ஆக, சரியான யூடிஎஃப்-8-ஐ யாரோ தவறாக வாசிக்கிறார்கள். எக்ஸ்எம்எல்லை நேராகத் திறந்தால் நன்றாகத் தெரிந்து, தளத்தின் பக்கத்தில் மட்டும் சிதைந்தால், எச்டிஎம்எல் பக்கத்தின் என்கோடிங் அறிவிப்பைப் பாருங்கள். இரண்டிலும் சிதைந்தால் சர்வர் கோப்போடு அனுப்பும் எச்டிடிபி தலைப்பை (ஹெடர்) பாருங்கள். எச்டிடிபி வழியே வரும்போது பிஓஎம் இருந்தால் அதற்கே முதலிடம், அடுத்து தலைப்பில் உள்ள என்கோடிங், கோப்புக்குள் எழுதிய அறிவிப்பு கடைசி. 2014-இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 7303 இந்த வரிசையைத்தான் சொல்கிறது.

எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தால் கதை வேறு. அந்தக் கேள்விக்குறி கோப்புக்குள்ளேயே இருந்தால், தமிழ் தெரியாத என்கோடிங்கில் யாரோ சேமித்துவிட்டார்கள். மீட்க முடியாது. பேக்கப்பை எடுங்கள்.

கோப்பின் முதல் வரியில் என்கோடிங் பெயரை மட்டும் மாற்றிப் பார்ப்பது பலரும் செய்வது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் சரக்கு மாறாது. எடிட்டரில் அந்த என்கோடிங்கிலேயே மறுபடி சேமிக்க வேண்டும்.

பிஎச்பியின் டாம் வழியாகச் சேமித்ததும் தமிழெல்லாம் எண் குறியீடுகளாக மாறிவிட்டதா? பிழையில்லை, பிரவுசரில் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் கோப்பு பெருத்து, கையால் திருத்த முடியாமல் போகும். ஆவணத்தை உருவாக்கும்போதே யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் எழுத்தாகவே எழுதும்.

என் கணினியில் வரவில்லை, சர்வரில் வருகிறது, அல்லது நேர்மாறு

எச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கால் திறந்து, அதிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் எக்ஸ்எம்எல்லை இழுக்கப் பார்த்தால் பிரவுசர் தடுக்கும். பாதுகாப்புக்காகச் செய்வது, ஃபயர்ஃபாக்ஸ்கூட 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து ஒரே ஃபோல்டரில் உள்ள கோப்புகளைத் தனித்தனி மூலமாகத்தான் பார்க்கிறது. பைத்தானிலோ பிஎச்பியிலோ உள்ள குட்டி சர்வரை ஓட்டி அதன் வழியே திறங்கள்.

நேர்மாறாக, கணினியில் ஓடியது சர்வரில் ஓடாவிட்டால் முதலில் கோப்புப் பெயரின் சிறிய, பெரிய எழுத்துகளைப் பாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கண்டுகொள்ளும். டேக் பெயர்களுக்கும் லினக்ஸ் மாதிரியேதான்.

இன்னொரு இடம்: ஜாவாஸ்கிரிப்ட்டின் டாம்-பார்சர் உடைந்த எக்ஸ்எம்எல்லைக் கொடுத்தாலும் விதிவிலக்கு எறியாது. 'பார்சர்எர்ரர்' என்ற டேக் அடங்கிய ஓர் ஆவணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். கன்சோல் சுத்தமாக இருக்கும், பக்கம் காலியாக இருக்கும். அந்த டேக் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை எப்போதும் எழுதிவையுங்கள்.

எர்ரரே இல்லை, ஆனால் பூஜ்ஜியம் பதிவுகள்

கோப்பு சரி, போய்ச் சேர்ந்ததும் சரி. டேக்குகளைத் தேடி எடுக்கும் எக்ஸ்பாத் கேள்வி மட்டும் எதையும் தரவில்லை. நேராக வேர் டேக்குக்குப் போய், நேம்ஸ்பேஸ் (ஒரே பெயருள்ள டேக்குகளைப் பிரித்துக் காட்டும் முகவரி) அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். 'ஆட்டம்' என்ற வடிவிலுள்ள செய்தி ஊட்டம், தளவரைபடக் கோப்பு இவற்றில் கட்டாயம் இருக்கும். வேரில் முன்னொட்டு இல்லாத ஒரு நேம்ஸ்பேஸ் இருந்தால், கீழே உள்ள எல்லா டேக்கும் அதற்குள் போய்விடும். எக்ஸ்பாத் 1.0-இலோ முன்னொட்டு இல்லாத பெயருக்கு 'எந்த நேம்ஸ்பேஸும் இல்லாத டேக்' என்றுதான் பொருள். கண்ணுக்கு <நூல்> என்று தெரிவதை

//நூல்

என்று கேட்டால் கிடைக்காது. அந்த நேம்ஸ்பேஸ் முகவரியை உங்களுக்குப் பிடித்த ஒரு முன்னொட்டோடு, 'அ' என்றே வைத்துக்கொள்வோம், நிரலில் பதிவு செய்துவிட்டு

//அ:நூல்

என்று கேட்டால் அத்தனையும் வரிசையாக வந்து விழும். கோப்பில் அந்த முன்னொட்டு இருக்க வேண்டியதில்லை. முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதும், கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் வேறாகிவிடும். நேம்ஸ்பேஸை உரையிலிருந்தே வெட்டியெறிந்துவிட்டுப் படிக்கும் குறுக்குவழியை நிறையப் பேர் சொல்வார்கள். ஓடும்தான். முன்னொட்டுள்ள இன்னொரு டேக் வந்த அன்று மறுபடி உடையும்.

சிம்பிள்-எக்ஸ்எம்எல்லில் முன்னொட்டுள்ள பிள்ளை டேக்குகள் பிஎச்பியின் வெறும் -> அம்புக்குறிக்கு வராது. 'சில்ட்ரன்' முறைக்கு நேம்ஸ்பேஸைக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நிறைய பதிவுகள் இருந்தால் ஓடுகிறது, ஒன்றே ஒன்று இருந்தால் உடைகிறது

ஒரு நிறுவனத்துக்கு நிகழ்ச்சிப் பட்டியல் செய்து கொடுத்தேன். பல மாதம் ஓடியது. ஒரு வாரம் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் இருந்தது. அந்த வாரம் முகப்பில் ஒரு நிகழ்ச்சிக்குப் பதிலாக நான்கு காலிப் பெட்டிகள். காரணம், எக்ஸ்எம்எல்லை, ஜாவாஸ்கிரிப்ட் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவாக மாற்றி முன்பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரே பெயரில் பல டேக்குகள் இருந்தால் மாற்றும் கருவி அதைப் பட்டியலாக்கும். ஒன்றுதான் இருந்தால் வெறும் பொருளாக்கிவிடும். நிரல் அந்த ஒரு நிகழ்ச்சியின் தலைப்பு, நாள், நேரம், இடம் என்ற நான்கையும் நான்கு நிகழ்ச்சிகளாக எண்ணிச் சுற்றியது.

இந்த டேக் எப்போதும் பட்டியல்தான் என்று மாற்றும் கருவியிடம் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான நூலகங்களில் அதற்கு ஒரு விருப்பம் உண்டு. சோதனைத் தரவில் மூன்று கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள்: பதிவே இல்லாதது, ஒன்று உள்ளது, பல உள்ளது. முதல் இரண்டில்தான் எல்லாம் உடையும்.

இதே மாற்றத்தில் சிடேட்டாவுக்குள் (பார்சர் டேக் தேடாமல் அப்படியே விடும் பகுதிக்குள்) வைத்த உரை காலியாகப் போவதும் உண்டு. சிம்பிள்-எக்ஸ்எம்எல்லில் கோப்பை ஏற்றும்போதே சிடேட்டாவைச் சாதாரண உரையாக்கும் கொடியை (ஃபிளாக் என்ற விருப்பத்தை) சேர்த்தால் சரியாகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 'முதல் பிள்ளை' என்று கேட்டு காலி உரை வந்தால், அது டேக்குகளுக்கு நடுவே நீங்கள் அழகுக்காக விட்ட வரி இடைவெளி. 'முதல் எலிமெண்ட் பிள்ளை' என்று கேளுங்கள்.

கோப்பை மாற்றியும் பழைய தரவே வருகிறது

கேஷ், அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைத்த பழைய நகல். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்துத் திறங்கள். புதியது வந்தால் நடுவில் பிரவுசரோ, சிடிஎன் என்ற இடைநிலை சர்வரோ பழையதைப் பிடித்து வைத்திருக்கிறது. எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் சர்வரிடம் மாறியதா என்று கேட்கச் சொல்லும் தலைப்பை அனுப்புங்கள். மாறாவிட்டால் சர்வர் 304 என்று சொல்லி முடித்துக்கொள்ளும், சுமை பெரிதில்லை.

வரிசை தப்பாக வருகிறது

10 என்பது 9-க்கு முன்னால் வந்தால் எண்ணை உரையாக ஒப்பிடுகிறீர்கள். எக்ஸ்எம்எல்லில் எல்லாமே உரைதான். எக்ஸ்எம்எல்லை வலைப்பக்கமாக மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் வரிசைப்படுத்தும்போது தரவு வகை எண் என்று குறிப்பிடுங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று சேமித்தால் உரையாக ஒப்பிட்டாலும் சரியாக வரும். எக்ஸ்எஸ்எல்டியைப் பிரவுசரிலேயே ஓட்டுகிறவர்கள் அந்த வேலையை சர்வர் பக்கம் நகர்த்துங்கள். அந்த வசதியை நீக்கப்போவதாக குரோம் 2025-இல் அறிவித்துவிட்டது.

நேற்று இருந்த பதிவு இன்று இல்லை, அல்லது கோப்பு பாதியில் நிற்கிறது

'ஆவணம் முடியுமுன் தரவு தீர்ந்தது' என்ற எர்ரர் எப்போதோ ஒரு முறை வந்து, பக்கத்தைப் புதுப்பித்தால் மறைகிறதா? ஒருவர் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் படிக்கிறார். பதிவே காணாமல் போனால், இருவர் ஒரே நேரத்தில் படித்து, திருத்தி, ஒருவர் மேல் ஒருவர் எழுதியிருக்கிறார்கள்.

முதலாவதற்கு: நேராகக் கோப்பில் எழுதாமல், அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுசாக எழுதி, பார்சரில் ஓட்டிப் பார்த்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். லினக்ஸில் அந்தப் பெயர் மாற்றம் ஒரே மூச்சில் நடக்கும். படிப்பவருக்குப் பழையது முழுசாகவோ புதியது முழுசாகவோதான் கிடைக்கும். இரண்டாவதற்குப் பூட்டு வேண்டும். எழுதும்போது மட்டும் பூட்டினால் போதாது. படிக்கத் தொடங்குவதிலிருந்து எழுதி முடிக்கும்வரை பூட்டு கையில் இருக்க வேண்டும். பார்வையாளர்களே பதிவு எழுதும் தளம் என்றால் இந்தப் பூட்டுவேலையெல்லாம் வேண்டாம், ஒரே கோப்பில் ஓடும் சிறு தரவுத்தளமான எஸ்கியூலைட்டுக்குப் போய்விடுங்கள் என்பேன்.

பக்கம் மெதுவாகிறது, நினைவகம் தீர்ந்தது என்கிறது

டாமும் சிம்பிள்-எக்ஸ்எம்எல்லும் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் மரமாக விரிக்கும். அந்த மரம் கோப்பைவிடப் பல மடங்கு பெரிதாகும். பிஎச்பியின் இயல்பு வரம்பு 128 எம்பி. பெரிய கோப்புக்கு எக்ஸ்எம்எல்-ரீடர் போல ஒரு பதிவு, ஒரு பதிவாகப் படிக்கும் கருவிக்கு மாறுங்கள். ஒரே டேக்குக்குள் ஒரு கோடி பைட்டுக்கு மேல் உரை இருந்தாலோ, டேக்குகள் 256 அடுக்கைத் தாண்டினாலோ, பிஎச்பி உள்ளே பயன்படுத்தும் பார்சரான லிப்-எக்ஸ்எம்எல் தானே நிறுத்திவிடும். அதைத் தளர்த்தக் கொடி இருக்கிறது, ஆனால் கோப்பு உங்களுடையதாக இருந்தால் மட்டும்.

வெளியிலிருந்து வரும் கோப்பு சின்னதாக இருந்தும் சர்வர் மூச்சுத் திணறினால், அதன் தலையில் என்டிட்டி அறிவிப்புகள் இருக்கிறதா பாருங்கள். ஒன்றுக்குள் பத்து, அதற்குள் பத்து என்று அடுக்கி, ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பை விரியும்போது மூன்று ஜிபி அளவுக்கு ஊதிப் பெருக்கும் பழைய தாக்குதல் அது. சாதாரணத் தரவுக் கோப்புக்கு, இந்த அறிவிப்புகள் இருக்கும் டிடிடி பகுதி தேவையே இல்லை. இருந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.